வெந்நீர்க் கணக்கு

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்)

நெசவாளர் வீட்டில் பாவு எத்தனை சேலைக்கு வரும், ஊடைக்கு எத்தனை கழி நூல் வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. விவசாயி வீட்டில் எரு எத்தனை வண்டி, நடவுக்கு எத்தனை ஆள் என்பதற்குக் கணக்கு உண்டு. சங்கத்துப் பேரேட்டிலோ ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றும் வரவும் உண்டு. ஆயினும், நாள்தோறும் விடியற்காலையில் கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பில் எரிந்து சாம்பலாகும் விறகுக்கும், குளியலறைச் சுவரில் தொங்கும் மின்சார ஹீட்டர் விழுங்கும் யூனிட்டுக்கும் கணக்கு வைத்திருக்கும் வீடு அரிது.

சமையலுக்கு எரிவாயு வந்த பின்னரும் பல வீடுகளில் குளிக்கும் நீர் மட்டும் விறகிலேயே காய்கிறது. வசதி கூடிய வீடுகளில் மின்சார ஹீட்டரும், மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்க் கலனும் இடம் பெற்றுள்ளன. இவற்றை வாங்க அங்கத்தினர்கள் தத்தம் கடன் சங்கங்களை நாடுவதும் உண்டு. ஆய்வின் பொருட்டுச் செல்லும் ஊர்களில் இத்தகைய கடன்களின் கணக்கைப் பார்க்கும்போது, வருந்தத்தக்க நிலை ஒன்று சில வீடுகளில் புலப்படுகிறது. கடனில் இன்னும் பல தவணைகள் பாக்கி இருக்கும். ஆனால் சாதனமோ உப்புப் படிந்தோ, குழாய் ஒழுகியோ பயனற்றுக் கிடக்கும். பழைய விறகடுப்பு மீண்டும் புகையத் தொடங்கியிருக்கும். கடன் தீருமுன் சாதனம் தீர்ந்துபோனால், அங்கத்தினருக்கும் நஷ்டம், சங்கத்திற்கும் நஷ்டம்.

ஆதலின் பழைய சாதனத்தை மாற்றுவதில் ஒரு முறை வேண்டும். முதலில் விரயத்தைத் தடுத்தல். அடுத்து இருப்பதைப் பழுதுபார்த்தல். அதன் பின்னரே புதியதை வாங்குதல். இம்முறை மாறினால் புதிய சாதனத்திலும் பழைய விரயமே தொடரும்.

ஒரு வாளி வெந்நீரின் விலை

ஒரு லிட்டர் தண்ணீரின் உஷ்ணத்தை ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்த்த ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். இது இயற்கையின் விதி. எந்தச் சாதனத்தாலும் இதைக் குறைக்க இயலாது. 20 லிட்டர் கொண்ட ஒரு வாளி நீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொணர 400 கிலோ கலோரி தேவை. நால்வர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு நான்கு வாளி எனக் கொண்டால் 1,600 கிலோ கலோரி ஆகிறது.

நன்கு உலர்ந்த விறகில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி வெப்பம் அடங்கியுள்ளது. அவ்வெப்பம் முழுவதும் நீரில் சேருமாயின் அரைக் கிலோ விறகே அந்த வீட்டிற்குப் போதும். ஆனால் மூன்று கல் கூட்டிய திறந்த அடுப்பில் எரியும் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கே பாத்திரத்தைச் சேரும். எஞ்சியது காற்றோடும் புகையோடும் போய்விடும். ஆகவே அந்த வீட்டில் நாள்தோறும் மூன்று கிலோவுக்கு மேல் நான்கரைக் கிலோ வரை விறகு செலவாகிறது. மாதக் கணக்கில் இது சுமார் 100 கிலோ ஆகும். தோப்பில் விழும் மட்டையையும் பாளையையும் எரிக்கும் விவசாயிக்கு இது கைக்காசு அன்று எனலாம். சீமைக் கருவேல் விறகை எடை போட்டு வாங்கும் நெசவாளருக்கு இது கூலியிலிருந்து போகும் பணம்.

மின்சாரத்தில் ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரிக்குச் சமம். ஆகவே மேற்கூறிய நான்கு வாளிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.9 யூனிட் செலவாகும். இரண்டு மாதத்தில் இது 112 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டையும் இவ்வெந்நீர் ஒன்றே உண்டுவிடும் என்பதை நோக்குக. விளக்கும் விசிறியும் அதற்கு மேல் கணக்கில் ஏறும். படி ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறுமாதலால், வெந்நீரில் மிச்சப்படும் யூனிட் விலை உயர்ந்த மேற்படியிலிருந்து குறைகின்ற யூனிட் ஆகும்.

முதற் படி: விரயத்தைத் தடுத்தல்

விறகடுப்பை உடனே கைவிட இயலாத வீடுகள் பல. அவ்வீடுகளுக்குச் செலவில்லாத நான்கு திருத்தங்கள் உண்டு.

முதலாவது, விறகை உலர்த்துதல். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவுகூட ஈரமாக இருக்கக்கூடும். ஒரு கிலோ ஈரத்தை ஆவியாக்கி வெளியேற்ற 600 கிலோ கலோரிக்கு மேல் வீணாகிறது. மழைக்கு முன்னரே வாங்கி, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, காற்றுப் புக அடுக்கிக் கூரையின் கீழ் வைத்தால் அதே விறகு கூடுதலாகக் காயவைக்கும், புகையும் குறையும்.

இரண்டாவது, மூடி. அண்டாவைத் திறந்து வைத்துக் காய்ச்சுவது பானையின் ஓட்டையை அடைக்காமல் நீர் நிரப்புவதை ஒக்கும். நீர் சூடேற ஏற, மேற்பரப்பிலிருந்து எழும் ஆவி வெப்பத்தை மிகுதியாகக் கொண்டு செல்லும்.

மூன்றாவது, சாம்பலும் கரியும். அடுப்பினடியில் இரும்புக் கம்பித் தட்டு வைத்தால் கீழிருந்து காற்றுப் புகுந்து விறகு முழுதும் எரியும். பாத்திரத்தின் அடியில் படிந்த கரி வெப்பம் நீருக்குள் செல்வதைத் தடுக்கும். வாரம் ஒருமுறை சுரண்டி எடுத்தல் நலம்.

நான்காவது, உப்பு. கிணற்று நீர் கடினமாக உள்ள ஊர்களில் செம்பு பாய்லரின் உட்புறத்தில் சுண்ணாம்பு போன்ற படிவு ஏறும். அடுப்பில் காயும் பாத்திரத்தில் இப்படிவு நேரடி விரயம் ஆகும். ஏனெனில் நீரில் இறங்க இயலாத வெப்பம் புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். நடுவில் குழாய் வைத்த பழைய செம்பு பாய்லர் உண்மையில் நல்ல அமைப்பு. தீ நீரின் நடுவே நின்று எரிவதால் திறந்த அடுப்பைவிட மிகக் குறைந்த எரிபொருளில் அது வேலை செய்யும். கொட்டாங்கச்சியும் கரியுமே அதற்குப் போதும். பரணில் கிடக்கும் பாய்லரைப் பழைய செம்பு விலைக்குப் போடுமுன், ஈயம் பற்றவைத்துக் குழாய் மாற்றிப் பயன்படுத்த முடியுமா எனப் பாத்திரக் கடைக்காரரைக் கேட்டறிதல் வேண்டும்.

புகையைப் பற்றி ஒரு சொல். வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, சாணம் முதலியவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. வெந்நீர் அடுப்பை ஊதுபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியே. அவ்வடுப்பின் அருகிலேயே தார் சுற்றுவதும், குழந்தை உறங்குவதும் நம் நெசவாளர் வீடுகளில் வழக்கம். ஆகவே அடுப்பு வீட்டுக்குள் இருப்பின், முதலில் செய்ய வேண்டிய செலவு புகைபோக்கிக்கேயாம்.

இரண்டாம் படி: இருப்பதைச் செப்பனிடுதல்

மின்சார ஹீட்டர் உள்ள வீடுகளில் ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. கம்பிச் சுருளில் உப்புப் படிந்தால் மின்சாரம் இருமடங்கு செலவாகும் என்பர். சுருள் நீரில் மூழ்கியிருப்பதால் அதன் வெப்பம் தாமதமாகவேனும் நீரைத்தான் சேரும்; எனவே செலவு அவ்வளவு கூடுவதில்லை. உண்மையான கேடு வேறு. வெப்பம் வெளியேற வழியின்றிச் சுருள் மிகையாகச் சூடேறி எரிந்துபோகும். நீர் காய நேரமும் நீளும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்தால் சுருளின் ஆயுள் கூடும். உள்ளே துருவைத் தான் ஏற்றுத் தொட்டியைக் காக்கும் மெக்னீசியக் கோல் ஒன்று பல ஹீட்டர்களில் உண்டு. அது கரைந்து தீர்ந்ததும் மாற்றாவிடில் தொட்டியே ஓட்டையாகும். கோலின் விலையைச் சேமித்தவர் ஹீட்டரையே புதிதாக வாங்க நேரும்.

செலவில் பெரும் பங்கு ஹீட்டரை நாள் முழுவதும் போட்டு வைப்பதால் நேர்கிறது. 25 லிட்டர் பழைய தொட்டி ஒன்று, எவரும் குளிக்காவிடினும், வெறுமனே சூடாக நிற்பதற்கே நாளொன்றுக்கு ஒரு யூனிட் அளவுக்கு விழுங்கக்கூடும். குளிக்கும் நேரத்திற்குச் சற்று முன் போட்டு, பின் அணைப்பதே சிக்கனம். குழாயின் தூரமும் கணக்கில் சேரும். அரையங்குலக் குழாய் 10 மீட்டர் ஓடினால் அதனுள் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் வெந்நீர் ஒவ்வொரு முறையும் நின்று ஆறிப்போகும். ஹீட்டரைக் குளியலறைக்கு அருகில் அமைத்து, குழாய்க்கு உறை சுற்றுதல் வேண்டும்.

வாளியில் போடும் மின்கம்பியைக் குறித்து எச்சரிக்கை அவசியம். அதன் வெப்பம் முழுதும் நீரில் சேர்வதால் செலவில் அதைக் குறை சொல்ல இயலாது. ஆனால் தானே நிற்கும் ஏற்பாடு சாதாரணக் கம்பியில் இல்லை. கம்பி பழுதாகி மின்சாரம் நீரில் கசிந்தால் கை வைப்பவர் உயிருக்கே ஆபத்து. 2 கிலோவாட் ஹீட்டர் சுமார் 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 3 கிலோவாட் ஆயின் 13 ஆம்பியர். விளக்குக்காகப் போடப்பட்ட பழைய மெல்லிய கம்பியில் இதை இணைத்தல் கூடாது. நில இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சாதனமும் இல்லாத வீட்டில் ஹீட்டரைப் பற்றிப் பேசுமுன் அவற்றைப் பற்றிப் பேசுவதே முறை. எரிவாயு வெந்நீர்க் கலன் வைப்போர் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் அதை ஒருபோதும் வைக்கலாகாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு மணமின்றி ஆளைக் கொல்லும் நஞ்சு.

மூன்றாம் படி: மாற்றுதல்

பழைய ஹீட்டர் ஒழுகத் தொடங்கி, மாற்றியே தீர வேண்டிய காலம் வரும்போது நான்கு வழிகள் நம் முன் உள்ளன.

மீண்டும் மின்சார ஹீட்டரே வாங்குவோர் நட்சத்திர முத்திரையைப் பார்த்து வாங்குதல் வேண்டும். 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி 2002இல் அமைந்த எரிசக்தித் திறன் பணியகம் இம்முத்திரையை வழங்கும் முறையை ஏற்படுத்தியது. தொட்டி ஹீட்டரில் நட்சத்திரம் குறிப்பது, அது சும்மா நிற்கையில் எவ்வளவு குறைவாக வெப்பத்தை இழக்கிறது என்பதையே. ஆகவே பலர் பல நேரங்களில் குளிக்கும் கூட்டுக் குடும்பத்திற்கு நட்சத்திரம் மிகுந்தது மிகுந்த பயன் தரும். ஒருமுறை போட்டு அணைக்கும் சிறு குடும்பத்திற்கு அப்பயன் குறைவு.

சூரிய வெந்நீர்க் கலன் சமவெளி மாவட்டங்களுக்கு மிகப் பொருத்தமானது. 100 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 4 யூனிட் வேண்டும். ஆண்டில் 250 நாள் வெயில் இவ்வேலையைச் செய்தால் 1,000 யூனிட் மிச்சம். இதற்குச் சுமார் இரண்டு சதுர மீட்டர் தட்டு தெற்கு நோக்கி அமைய வேண்டும். சூடேறிய நீர் இலேசாகித் தானே மேலேறும் என்ற விதியால் இது இயங்குவதால், பம்பு தேவையில்லை. தொட்டி தட்டுக்கு மேலே இருந்தாற் போதும். பகலில் காய்ந்த நீரே மறுநாள் காலைக்கு உதவுகிறது. மாலையில் யாவரும் குளித்துத் தீர்த்தால் காலையில் குளிர்ந்த நீரே வரும் என்பதை முன்னரே அறிந்து அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடின நீர் உள்ள ஊர்களில் இக்கலனுக்கு எதிரி உப்பே. தட்டிலுள்ள மெல்லிய குழாய்கள் அடைபட்டால் வெயில் எவ்வளவு எரித்தாலும் நீர் காயாது. அத்தகைய ஊர்களில், தட்டில் ஓடும் நீரும் குளிக்கும் நீரும் கலவாது, வெப்பம் மட்டும் கைமாறும் அமைப்பைக் கேட்டு வாங்க வேண்டும். அல்லது கண்ணாடிக் குழாய்களைக் கழற்றி ஆண்டுதோறும் கழுவ ஏற்பாடு வேண்டும். வாங்குமுன் வீட்டு நீரைச் சோதனைக்குக் கொடுத்துக் கடினத்தன்மையை அறிவது, மண் பரிசோதனை செய்து உரம் இடுவதைப் போன்றதே.

மூன்றாவது, வெப்பப் பம்பு. இது குளிர்பதனப் பெட்டியின் தத்துவத்தையே திருப்பிக் கையாளுகிறது. வெளிக் காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து நீரில் சேர்ப்பதால், ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிட்டும். விலை அதிகமாதலால் தனி வீட்டைக் காட்டிலும் விடுதி, மருத்துவமனை போன்று நாளெல்லாம் வெந்நீர் தேவைப்படும் இடங்களுக்கே அது முதற்கண் ஏற்றது.

நான்காவது வழிக்குப் பணமே வேண்டாம். குழந்தையைக் குளிப்பாட்ட முற்றத்து வெயிலில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைப்பது நம் பாட்டிமார் அறிந்த வழி. கருநிறம் பூசிய மூடியுள்ள பாத்திரத்தைக் காலையில் வெயிலில் வைத்தால், மாலைக் குளியலுக்கு விறகும் வேண்டா, கம்பியும் வேண்டா.

மலைநாட்டு வீடுகள்

நீலகிரியில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குப் பச்சை இலை தரும் சிறு விவசாயிகளின் நிலை வேறு. அங்கே வெந்நீர் ஆண்டு முழுவதும் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் அறைக்கும் வெம்மை வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் மேகம் மூடுவதால் சூரியக் கலனை மட்டும் நம்ப இயலாது; துணைக்கு மின்சுருளோ விறகோ தேவை. உறைபனி விழும் இடங்களில் குழாயில் நிற்கும் நீர் உறைந்து குழாயை வெடிக்கச் செய்யுமாதலால், உறையாத திரவம் ஓடும் அமைப்பே தக்கது.

அறையைச் சூடாக்கச் சாதனம் வாங்குமுன் கதவிடுக்கையும் ஓட்டு இடுக்கையும் அடைத்து, ஓட்டின்கீழ் மரத்தாலோ அட்டையாலோ மச்சு அமைத்தல் வேண்டும். சூடான காற்று மேலே போகாது தடுத்தாலே பாதிக் குளிர் தீரும். திறந்த கணப்பில் எரியும் வெப்பத்தின் பெரும் பகுதி புகைபோக்கி வழியே வெளியேறும். கதவுள்ள இரும்புக் கணப்பு அதே விறகில் பன்மடங்கு வெம்மை தரும். எக்காரணம் கொண்டும் கரிச் சட்டியை மூடிய அறையில் வைத்து உறங்கலாகாது. கார்பன் மோனாக்சைடால் உறக்கத்திலேயே உயிர் போன செய்திகள் மலைப்பகுதிகளிலிருந்து அவ்வப்போது வருவதை அங்கத்தினர் அறிவர்.

சாயச்சாலை

நெசவாளர் சங்கங்களில் வீட்டைவிட அதிக வெந்நீர் செலவாகும் இடம் சாயச்சாலையாகும். பட்டு நூலிலுள்ள பிசினை நீக்கச் சோப்பு நீரை 90 டிகிரிக்கு மேல் சூடாக்கி நெடுநேரம் வைக்க வேண்டியுள்ளது. திறந்த தொட்டியின் மேற்பரப்பே இங்கு விரயத்தின் பெருவாயில். நூல் புரட்டும் வேளையில் மூடியிட இயலாது; ஆனால் நீர் காயும் வேளையில் மூடிவைக்க எவ்விதத் தடையும் இல்லை.

28 டிகிரியில் உள்ள நீரை 92 டிகிரிக்கு உயர்த்துவதில் 60 டிகிரி வரையிலான பாதி வேலையை வெயிலே செய்து தரும். கூரைமேல் சூரியக் கலன் அமைத்து, அந்நீரை அடுப்புத் தொட்டிக்கு விட்டால் சூடேற்றும் விறகில் பாதி மிச்சப்படும். இம்மிச்சம் தனியொருவருக்கன்று, சங்கத்தின் சாயக்கூலிக் கணக்கிற்கே சேரும்.

சங்கம் செய்யத்தக்கது

புகையில்லா அடுப்பு நம் நாட்டுக்குப் புதிதன்று. 1950களிலேயே ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் எஸ். பி. ராஜு அத்தகைய அடுப்பை வகுத்தார். 1974இல் பேராசிரியர் அமுல்ய ரெட்டி பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்கிய ‘அஸ்த்ரா’ பிரிவு, குறைந்த விறகில் எரியும் அடுப்புகளை ஆராய்ந்து அமைத்தது. 1983இல் மத்திய அரசு தேசிய அளவில் மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளை நிறுவச் செய்தது. ஆயினும் அத்திட்டம் 2002இல் நின்றது. அடுப்புகளில் பெரும் பகுதி நெடுங்காலம் நிலைக்கவில்லை. அடுப்பை வைத்தவர் வேறு, ஊதுபவர் வேறு. புகைபோக்கி உடைந்தபோது அதைச் செப்பனிட ஊரில் ஆளில்லை. மானியம் அடுப்பைக் கொணர்ந்தது, பராமரிப்பைக் கொணரவில்லை.

இவ்விடத்தில்தான் கூட்டுறவின் வேலை தொடங்குகிறது. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது எதன் பொருட்டு? தனித்து நின்ற நெசவாளர் நூலுக்கும் துணி விற்பனைக்கும் இடைத்தரகரை நம்பி இருந்த நிலையை மாற்றவே அன்றோ? வெந்நீர்ச் சாதனத்திலும் அம்முறையே ஏற்றது. நிர்வாகக் குழுவினர் ஆலோசிக்கத்தக்க சில யோசனைகள் வருமாறு:

ஒன்று: இச்சாதனங்களுக்குக் கடன் வழங்குமுன், வீட்டு நீரின் கடினத்தன்மை, மின்கம்பியின் நிலை, கூரையின் வலு ஆகிய மூன்றும் விண்ணப்பத்தில் குறிக்கப்பட வேண்டும்.

இரண்டு: கடனின் காலம் சாதனத்தின் உத்தரவாதக் காலத்தை மிஞ்சாதிருத்தல் நலம். கடன் உள்ள வரையில் பழுதுக்கு விற்றவர் பொறுப்பேற்பார்.

மூன்று: பத்து அங்கத்தினர் சேர்ந்து ஒரே வகைச் சாதனத்தை வாங்கினால் விலையும் குறையும், உதிரி உறுப்புகளும் எளிதில் கிட்டும்.

நான்கு: அங்கத்தினர் குடும்பத்து இளைஞர் ஒருவரை உப்பகற்றவும், கோல் மாற்றவும், குழாய் பற்றவைக்கவும் பயிற்றுவித்து, ஆண்டுக்கு ஒருமுறை வீடுதோறும் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். அவருக்குரிய ஊதியத்தைத் தவணையோடு சிறு தொகையாகச் சேர்த்து வசூலிக்கலாம்.

ஐந்து: எச்சாதனத்தைத் தேர்வதாயினும் அதை நாள்தோறும் கையாளும் பெண்களின் கருத்தைக் கேட்டறிதல் வேண்டும். கடன் பத்திரத்தில் கையெழுத்திடுபவர் ஒருவரும், விடியலில் எழுந்து நீர் காய்ச்சுபவர் வேறொருவருமாக இருக்கும் வரை, பயன்படாத சாதனங்கள் பெருகிக்கொண்டே போகும்.

இவற்றுள் எதுவும் பெருமுதல் வேண்டுவதன்று. அடுத்த பொதுக்குழுவுக்கு முன் ஒவ்வோர் அங்கத்தினரும் ஒரு மாதம் மட்டும் தம் வீட்டு வெந்நீருக்கு ஆகும் விறகையும் யூனிட்டையும் ஒரு தாளில் குறித்து வருவாராக. நூறு வீட்டுக் குறிப்புகள் சேர்ந்தால், எந்த ஊரில் எச்சாதனம் தேவை, எவ்வீட்டில் ஒரு மூடியே போதும் என்பது தானே விளங்கும். நூலுக்கும் உரத்துக்கும் கணக்கு வைக்கக் கற்ற நாம், நெருப்புக்கும் கணக்கு வைப்போமாயின், மிச்சமாகும் பணம் சேமிப்புக் கணக்கில் ஏறும். அடுப்படியில் இருமல் குறையும்.